கீழ்ப் பலகை பார்க்காத ஒன்பது கோடை

அன்பு மகள் சுண்டெலிக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் எழுந்தால் நடக்கவும் முடிகிற அளவுக்குச் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, எங்களைவிட நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அது என் கெட்ட நேரம். உன் கடிதத்தை அவள் மூன்று தடவை படித்தாள். உங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்னால் நீ பேசப் போவதாகவும், இருபத்துமூன்று வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமல் ஆற்று மட்டத்தைப் பார்த்து எழுதிய உன் சித்தப்பாவைத்தான் உதாரணமாகச் சொல்லப் போவதாகவும் எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் முதல் தடவை சிரித்தாள், இரண்டாம் தடவை என்னைப் பார்த்தாள், மூன்றாம் தடவை “பேனாவை எடுங்க” என்றாள். ஃபோனில் சொல்லிவிடுகிறேனே என்றேன். “ஃபோன்ல ஆரம்பிச்சா ரெண்டாவது நிமிஷமே ஜிகினா ஒட்டிடுவீங்க. எழுதுங்க, நான் படிச்சுப் பாத்துதான் உறையை ஒட்டுவேன்” என்று பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மகளே, அந்தப் பேச்சில் என்னைச் சேர்க்காதே. ஏன் என்பது கீழே வருகிறது, உட்கார்ந்துகொண்டே படி.

மேலே கட்டுகிற புது அணை முடியப் போகிறது. அதன் மதகை மூடுவதற்கு முன்னால், கீழே ஓடுகிற நம் ஆற்றுக்கு எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் விட்டாக வேண்டும் என்று விதி எழுதுவதற்கு ஒரு குழு வந்தது. இருநூறு நிபுணர்கள். சித்தி எட்டிப் பார்த்து ஏழு பேர் என்கிறாள், ஏழு பேர்தான், ஆனால் இருநூறு பேருக்கான கேள்வி கேட்டார்கள். முன்பெல்லாம் வருஷத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை விட்டால் போதும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம். இவர்கள் அப்படி இல்லை. பல்லை மட்டும் பார்த்து மாத்திரை எழுதாமல் தலை முதல் கால் வரை பார்க்கிற வைத்தியம் மாதிரி, மீன் படித்தவர், மரஞ்செடி படித்தவர், வண்டல் படித்தவர், மழைக் கணக்குப் போடுகிறவர், கரையில் இருக்கிற ஜனங்களோடு பேசுகிறவர் என்று எல்லாரையும் எங்கள் ஆபீஸ் ஹாலில் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, நடுவில் போர்வை அகலத்துக்கு ஒரு தாள், அதில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொருவரும் தன் துறைக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் சண்டை போடலாம். வெள்ளம்கூட வேண்டுமாம் சுண்டெலி! வருஷத்துக்கு ஒரு பெரிய வெள்ளம் வந்து அடிவண்டலைக் கழுவ வேண்டும், மழை தொடங்கும்போது ஒரு சின்ன ஏற்றம் வந்தால்தான் மீனுக்கு முட்டை போட நேரம் வந்தது என்று தெரியும், கோடையில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் மடுவுக்கும் மடுவுக்கும் தொடுப்பு அறக் கூடாது. நானும் இத்தனை நாள் தண்ணீர் என்றால் உயரம் என்று ஒரு எண்ணைத்தான் நினைத்திருந்தேன். இதற்கெல்லாம் அடிப்படை என்னவென்றால், யாரும் கை வைப்பதற்கு முன்னால் அந்த ஆறு எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்கிற கணக்கு. அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது? இந்த இடத்தில் உன் சித்தப்பனுக்குச் சட்டைப் பொத்தான் தெறித்தது.

இருபத்துமூன்று ரிஜிஸ்டரையும் அட்டை துடைத்து மேஜைமேல் அடுக்கினேன். என்னை ஒரு ஓரமாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள், நான் ஓரமாக உட்காருகிற ஆளா? ஆற்றின் நாடி என் விரலில் இருக்கிறது என்றேன், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே மட்டம் சொல்வேன் என்றேன். குறிப்பெடுக்கிற பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், கரையோர ஜனங்கள் சொல்வதும் இந்த ஆய்வில் ஒரு சாட்சி என்று சொல்லி, “கோடை எப்படி இருக்கும் ஐயா?” என்று கேட்டாள். கேட்கலாமா என்னை? “கோடையா? அந்த ரெண்டு மாசமும் ஆறு எலும்பாக் கிடக்கும்மா. செருப்பு நனையாம அக்கரைக்குப் போயிட்டு வந்திருக்கேன். மணல்ல அப்பளம் சுடலாம்” என்றேன். அவள் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். மழைக் கணக்குப் போடுகிற கண்ணாடிக்காரரும் ரிஜிஸ்டரைப் புரட்டி, “ஆமா, முன்னாடி கொஞ்சம் ஓடியிருக்கு, கடைசி ஒம்பது வருஷமும் கோடையில வரிசையா பூஜ்யம், ஆறு மாறிடுச்சு, சாட்சியும் ஒத்துப்போகுது” என்றார்.

இப்போது பூஜ்யத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், சித்தி பேனா முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு நினைவிருக்கும், மட்டம் பார்க்கிற அறையின் ஜன்னலில் நின்றால் ஆற்றில் எண் கோடு போட்டு நட்டிருக்கிற மேல் பலகை தெரியும், பைனாகுலரில் எண்ணைப் படித்து எழுதிவிடலாம். கோடையில் தண்ணீர் அந்தப் பலகைக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது எண்பத்துநாலு படி இறங்கி, பாறைமேல் நடந்து, மடு ஓரத்தில் நட்டிருக்கிற கீழ்ப் பலகையைக் குனிந்து பார்த்து எழுத வேண்டும், காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. பதினாலு வருஷம் இறங்கினேன், அதில் பொய் இல்லை. அப்புறம் முழங்கால் வலி வந்தது. “முழங்கால் வலியா? அறைக்கு ஃபேன் வந்துது” என்கிறாள் சித்தி. சரி, ஃபேன் வந்தது. மேல் பலகையைத் தண்ணீர் தொடவில்லை, ஆகவே பூஜ்யம் என்று ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடியே முட்டை போட ஆரம்பித்தேன். ஒன்பது கோடை, காலையிலேயே இரண்டு வேளைக்கும் சேர்த்து முட்டை. மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை, பூஜ்யத்தைக் கூட்டிப் பார்ப்பதற்குச் சிரமம் இல்லை பார்.

இரண்டாம் நாள் கோடைக் கட்டத்துக்கு வந்தார்கள். மீன் படித்த டாக்டரம்மா கையில் சிவப்புப் பேனாவோடு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, “வருஷா வருஷம் தானாவே காஞ்சு போற ஆத்துல அந்த ரெண்டு மாசம் எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லி இரண்டு கட்டத்தின் குறுக்கேயும் கோடு இழுத்தார். அணை இன்ஜினியருக்கு முகம் மலர்ந்தது, “அப்ப அந்த ரெண்டு மாசம் மதகை மொத்தமா மூடிடலாம், விதியிலயே எழுதிடுங்க” என்றார். ஒரு முறை எழுதினால் முப்பது வருஷத்துக்கு அதுதான் விதியாம். என் வாயில் ஒரு பிஸ்கட் இருந்தது, அதை மெல்லவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து, விதி எழுதியாச்சு, என் கணக்கை வைத்துத்தான் எழுதினார்கள் என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். உன் சித்தி முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்த ரெண்டு மாசமும் தினம் சாயங்காலம் குளிச்சிட்டு வந்தீங்களே, அது எந்த ஆத்துல? மணல்ல புரண்டுட்டு வந்தீங்களா?” அவ்வளவுதான். மகளே, வெயில் தாழ்ந்ததும் இறங்கி அந்த மடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் குளித்தேன், பாறை இடுக்கு வழியாகத் தண்ணீர் சலசலவென்று அடுத்த மடுவுக்குப் போய்க்கொண்டிருந்தது, நான் சட்டையைக் கழற்றி மாட்டினது எங்கே தெரியுமா, கீழ்ப் பலகையின் தலையில். எண் என் சட்டைக்குக் கீழேயே இருந்தது, நான் குனியவில்லை.

மூன்றாம் நாள் காலை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, ஃபேன், முட்டை, சட்டை மூன்றையும் சொன்னேன். பெரிய மனுஷத்தனம் என்று நினைக்காதே, முந்தின நாள் ராஜினாமா செய்துவிடலாமா, காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் சொன்னேன். பாராட்டுவார்கள் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்ததும் உண்மை. ஒருவரும் நம்பவில்லை! இன்ஜினியர், “இத்தனை வருஷம் ஆத்தை அளந்தீங்களா, எங்ககிட்ட அளந்தீங்களா பெரியவரே? நேத்து மணல்ல அப்பளம் சுட்டீங்க, இன்னைக்கு இடுப்பளவு தண்ணிங்கிறீங்க. கரையில யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க” என்றார். குறிப்பெடுத்த பெண் தன் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதை அடிப்பது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தாள். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் ஜிகினா இல்லாமல் பேசினேன், அன்றைக்கு என் பேச்சு எடுபடவில்லை. உன் அப்பா, என் அண்ணன், இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “குளிச்ச இடத்தைக் காட்டுங்க” என்றார். எண்பத்துநாலு படியும் எல்லாரும் இறங்கினோம், இன்ஜினியருக்கு மூச்சு வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அந்த அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு பாறை இடுக்கில் இறங்கி, கூழாங்கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, உள்ளங்கை அகலத்துக்குச் சிப்பி ஒன்றை எடுத்தார், பிறகு இன்னொன்று, பிறகு ஒரு வாளி நிறைய. மரத்தில் இருப்பதுபோல இந்தச் சிப்பி ஓட்டிலும் வருஷத்துக்கு ஒரு வளையம் உண்டாம். ஓடிப்போய்விடவும் தெரியாது, தண்ணீர் வற்றி இரண்டு மாதம் வெயிலில் கிடந்தால் பிழைக்கவும் பிழைக்காது. கண்ணாடிக்காரர் லென்ஸை வைத்து எண்ணினார், டாக்டரம்மா தனியாக எண்ணினார், இரண்டு பேரும் பதின்மூன்று என்றார்கள். என்னைக் கேட்டிருந்தால் முப்பது என்றிருப்பேன், நல்லவேளை கேட்கவில்லை. “ஒம்பது வருஷமா கோடையில இந்த ஆறு காஞ்சிருந்தா இது இங்க இருக்காது. இவர் இன்னைக்குச் சொன்னதுதான் நிஜம்” என்றார் அந்த அம்மா. வாயே இல்லாத ஒரு பிராணி எனக்காகச் சாட்சி சொன்னது சுண்டெலி, எனக்கு இருக்கிற வாய்க்கு அப்படித்தான் வேண்டும்.

ஹாலுக்குத் திரும்பி என் ஒன்பது கோடையையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள், முதல் பதினாலு வருஷத்துக் கோடை எண்ணையும் மழைக் கணக்கையும் வைத்துப் புதிதாகப் போட்டார்கள். கோடு இழுத்த இரண்டு கட்டத்திலும் டாக்டரம்மா வெள்ளைத் தாள் ஒட்டி எழுதினார்: பாறை இடுக்கில் ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடும் அளவுக்கு மதகு எப்போதும் திறந்திருக்க வேண்டும். இன்ஜினியர் ஒரு மணி நேரம் முரண்டு பிடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் ஒரு தாள் வந்தது, விளக்கம் கேட்டு. ஓய்வு பெறும் நாளில் தருவதாக இருந்த “பிழையற்ற பதிவாளர்” பட்டயம் இல்லை என்றாகிவிட்டது. நான்தான் போன மாதமே அதற்குச் சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தேன், சித்தி அதில் காய்கறிப் பையை மாட்டுகிறாள். விளக்கத்தை நாலு வரியில் எழுதிக் கொடுத்தேன், சித்தி படித்துவிட்டு, “இது நீங்க எழுதினதுதானா?” என்று திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

நீ எண் எழுதுகிற வேலையில் இருக்கிறாய், உனக்கு நான் புத்தி சொல்கிற இடத்தில் இல்லை, ஆனாலும் சித்தப்பன் இல்லையா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பார்க்காததற்குப் பூஜ்யம் போடாதே, பார்க்கவில்லை என்று எழுது. பூஜ்யமும் ஒரு எண்தான், அதை நம்பி ஒருவர் கோடு இழுப்பார். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. பழைய கம்பளிக் கோட்டையே போட்டுக்கொண்டு திரியாதே, சித்திக்கு அந்தப் போட்டோவைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை.

ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதுவரை நான்தான் மட்டம் பார்க்க வேண்டும், வேறு ஆள் இல்லை. கோடை வந்துவிட்டது. இரண்டு வேளையும் இறங்குகிறேன். டாக்டரம்மா தினம் சாயங்காலம் ஃபோனில் எண்ணைக் கேட்பார், எண்ணைச் சொன்னால் போதாது, பலகையை ஃபோனில் படம் பிடித்தும் அனுப்ப வேண்டும். மூன்று வாரமாக அப்படித்தான், எனக்குக் கோபமில்லை, என் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்ப மாட்டேன். நேற்று படம் எடுக்க மறந்துவிட்டு மேலே வந்துவிட்டேன், அவர் கூப்பிட்டதும் முப்பத்தொன்று என்றேன், படம் என்று இழுத்தேன். “பரவாயில்லை ஐயா, நீங்க சொன்னா போதும், எழுதிக்கிறேன்” என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எண்பத்துநாலு படியும் மறுபடி இறங்கிக் குனிந்து பார்த்தேன். முப்பத்தொன்றுதான் மகளே.

பல்லாண்டு நல்லாயிரு, நோய்நொடி உன் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும், நினைத்தது கைகூடட்டும். புதுக் கோட்டு வாங்கியதும் போட்டோ அனுப்ப மறக்காதே. சித்தி படித்துவிட்டாள், இரண்டே இடத்தில்தான் அடிக்கச் சொன்னாள், அவளும் ஆசி சொல்லச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் மேல் பாசமும் முழங்காலில் நிஜமாகவே வலியும் உள்ள,
சித்தப்பா