மாப்பிள்ளையைக் கடித்த நாய்

புதூர்நாடு,
வியாழக்கிழமை

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நாயும் சுகம். உன் வயிறு சுகமில்லை என்று தெரிந்தபின் நலமா என்று கேட்பது வீண். போனில் பேசலாமென்றால், மஸ்கட்டுக்கு வந்து உன்னோடு தங்கியிருக்கும் உன் மாமியார் பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் ம், ம் என்கிறாய். அதனால்தான் புளிப் பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை ஆலங்காயம் கொண்டுபோய் நர்ஸ் ஷோபனாவிடம் காட்டினேன். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒன்று வெளியே ஒட்டிக்கொண்டு வளர்கிறதாம், அதுதான் எண்டோமெட்ரியோசிஸாம். அதைத் தின்று அப்புறப்படுத்த வேண்டிய வெள்ளை அணுக்களே அதற்கு ரத்தக்குழாய் இழுத்துக் கொடுத்து வளர்க்கின்றன, உள்ளே அழற்சியைக் கிளப்பிக் கருமுட்டையைக் கெடுக்கின்றன, வருகிற விந்தணுவையும் விழுங்குகின்றன என்றாள். நான் சிரித்துவிட்டேன். "இன்னாக்கா, சிரிக்கிற விஷயமா இது?" என்று கோபித்துக்கொண்டாள். எனக்கு நம் கருப்பன்தான்டி ஞாபகம் வந்தான். புளி குடோனில் பெருச்சாளி குட்டி போட்டபோது பக்கத்தில் படுத்துச் சூடு கொடுத்த நாய், உன்னைப் பெண் பார்க்க வந்த பிரகாஷ் மாப்பிள்ளையின் தொடையைக் கவ்வியதே! இப்போது உள்ளேயும் அதே கதை. பாவம், அந்த மனுஷனுக்கு நம் பக்கம் எந்த வாசலிலும் மரியாதை கிடைக்கவில்லை.

உன் மாமியார், "எல்லாம் உடம்பு சூடு, மொதல்ல வேண்டுதலை முடிங்க, ஆபரேசன் அப்பறம் பாத்துக்கலாம்" என்றதாகவும், நீ பதினாலாம் தேதி ஆபரேஷனைத் தள்ளிப்போடப் போவதாகவும் மாப்பிள்ளை சொன்னார். வேண்டுதலை நான் முடிக்கிறேன், மொட்டைக்கும் என் தலையே போதும், நீ போய் ஆபரேஷன் செய்துகொள். செய்தால் பிள்ளை நிச்சயம் என்று ஷோபனா சொல்லவில்லை. வாய்ப்பு கூடும், வலி குறையும் என்றாள். வலி குறைந்தாலே எனக்குப் போதும். பத்தாம் வகுப்பில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சுருண்டு கிடந்தபோது, "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான், எய்ந்து வந்து தராசப் புடி" என்றேன். கருப்பனை மட்டும் சொல்லி என்ன? காவலுக்கு இருந்த நானும் ஆள் மாற்றித்தான் குரைத்திருக்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். புளியோடு அனுப்பியிருக்கும் சாமையில் வண்டு வருமுன் டப்பாவில் கொட்டி வை. படித்ததும் கிழித்துவிடு என்று எழுதத்தான் நினைத்தேன். வேண்டாம். உன் மாமியார் காபி குடிக்கும் மேஜையில் விரித்து வை, அவருடைய கண்ணாடியையும் பக்கத்திலேயே வை.

இப்படிக்கு,
பதினாலாம் தேதி போனும் கையுமாக இருக்கப்போகும்
உன் அம்மா பாஞ்சாலை