கரும்புத் தொட்டிலும் ஓவியாவின் மாத்திரையும்

திருவண்ணாமலை
ஐப்பசி, 2002

அன்பு மகள் நந்தினிக்கு அம்மா கஸ்தூரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பி வளவனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் ஓவியாக் குட்டியும் சம்பந்தியம்மாவும் நன்றாக இருக்கணும் என்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், மாப்பிள்ளையிடம் காட்டி மானத்தை வாங்காதே. போன் பண்ணலாமே என்று கேட்பாய். பூத்தில் மீட்டர் ஓடுவதையும் பின்னால் ஆட்கள் நிற்பதையும் பார்த்தால் சாப்பிட்டியா தூங்கினியா என்பதைத் தவிர எனக்கு வாயில் ஒன்றும் வராது, இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஆசிரமத்துப் பக்கத்து ரூம்களுக்கு நான் துவைத்துத் தருகிற பெட்ஷீட் ஒன்றும் காய்கிற வழியாக இல்லை. உங்கப்பா சகாதேவன் செங்கம் ரோட்டில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் இங்கிலீஷ் பேசினாராம், அந்தம்மா இறங்கி நடந்தே போய்விட்டாளாம். ஏதோ மரியாதையாகத்தான் பேசினேன் என்கிறார், எந்த ஊர் மரியாதையோ.

உன் கடிதம் வந்தது. ஓவியா தவழ்கிறாள், ஆளைப் பார்த்தால் சிரிக்கிறாள், ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் நார்மல் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் தெருவில் இருக்கிற எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டேன், இனி சொல்வதற்கு ஆள் இல்லை. அதற்குக் கீழேதான் அந்த விஷயம் இருந்தது. சம்பந்தியம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார்கள், தீபத்துக்கு எல்லாரும் வருகிறோம், பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் போட்டு மாடவீதி சுற்றுகிறோம், அன்றோடு மாத்திரையை நிறுத்திவிடப் போகிறோம், வேண்டுதலை முடித்த பிறகும் மருந்து கொடுத்தால் சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று அத்தை சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கண்ணில்தான் கோளாறோ என்று அப்பாவிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

நந்தினி, ரத்தம் நார்மல் ஆனது மாத்திரையால்தான். வியாதி போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரக்க வேண்டியதை ஓவியாவுக்குச் சுரக்கவில்லை, சுரக்காததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். நிறுத்தினால் கொஞ்ச நாளைக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தோன்றும், அதற்குள் உள்ளே மூளை வளர்வது மட்டுப்பட்டுவிடும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை, உன் தம்பியைப் பெற்றுத் தெரிந்துகொண்டது.

அவன் பிறந்தபோது உனக்கு ஐந்து வயது, ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. உனக்குப் பிறகு இரண்டு கலைந்து போய், வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. அந்தக் கார்த்திகையில் கரும்பைச் சேர்த்துக் கட்டி நடுவில் என் கல்யாணப் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, முன்பக்கம் அப்பா, பின்பக்கம் நான், தோளில் வைத்துக்கொண்டு வீதி சுற்றினோம். மேளமும் வெடியும் காதைப் பிளக்கிறது, மற்ற தொட்டிலில் எல்லாம் பிள்ளைகள் வீரிட்டுக் கத்துகிறது, இவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். பார்த்தவர்கள் எல்லாம் இந்த மாதிரி அமைதியான புள்ளய பாத்ததே இல்ல, மௌனசாமிதான் வந்து பொறந்திருக்குனு சொல்லி அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இந்த ஊரில் பேசாமல் கிடந்தால் சாமி, அதற்குமேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாக்கு எப்போதும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும், நான் பாருங்க என் புள்ள இப்பவே எல்லாருக்கும் பழிப்புக் காட்டறான், அப்படியே என்ன மாதிரினு சொல்லிச் சிரிப்பேன். தொப்புள் பிதுங்கியிருந்தது, தோல் வறண்டு சில்லென்று இருந்தது, வெளிக்குப் போக நாள் கணக்கில் ஆகும், பாலுக்கு எழுப்பினால்தான் எழுந்திருப்பான். அழாத பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கணும் என்று யாருக்குத் தோன்றும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான், வயதுக்கு உண்டான உயரமே இல்லை, இரண்டு வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறான் என்று டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்ததுமே ரத்தம் எடுக்கச் சொன்னாள், இதே தைராய்டுதான் என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு சில்லென்று கிடந்த அவன் உடம்பு சூடு கண்டதை நீ பார்த்திருக்கிறாய். மளமளவென்று வளர்ந்தான், டவுசர் எல்லாம் பத்தாமல் போனது, நான் அப்பாவிடம் உங்க சம்பாத்தியம் இவன் துணிக்கே போயிடும்னு கேலி பண்ணிக்கொண்டு திரிந்தேன். உடம்பு இப்படி ஓடுகிறது, புத்தியும் பின்னாலேயே வந்துவிடும் என்று இருந்தேன். வரவில்லை. கேட்டதற்கு டாக்டரம்மா, இன்னும் எத்தினி மாத்திரை குடுத்தாலும் உடம்புதாம்மா வளரும், மூளைக்கு வேண்டியது பொறந்த உடனே கெடைச்சிருக்கணும், அந்தக் காலம் போயிடுச்சுனு சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் பஸ்ஸில் வரும்போது கண்டக்டரிடம் ஏதோ ஜோக் அடித்துக்கொண்டே வந்தேன், அழுதால் நிறுத்த முடியாது என்று பயம்.

உன் பிள்ளைக்கு அந்த ஊரில் பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். சம்பந்தியம்மா வெள்ளையம்மாளைக் கோபித்துக்கொள்ளாதே, பேத்தி மேல் உசிரையே வைத்திருக்கிறவள். நான் சொன்னதாகக் கேள். உங்க பிரஷர் மாத்திரைய முழுங்கிட்டுத்தானே கிரிவலம் போறீங்க, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே தீபம் பாக்கறீங்க, அதுக்கெல்லாம் கோச்சிக்காத சாமி பாப்பா மாத்திரைக்கு மட்டும் கோச்சிக்குமானு கேள். சிரித்துவிடுவாள். தொட்டிலும் போடுங்கள், கரும்புக்கு அப்பா இப்போதே சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குக் காலையிலும் மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் தொட்டில் கட்டணும்.

இவ்வளவும் எழுதியதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உன் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தபோது வளவன் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தான். நீ பிள்ளை பெற்றதிலிருந்து கண்டவர்களிடம் எல்லாம் நான் தாய்மாமன் நான் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன், ஓவியா பெயர் வந்தால் போதும், காதைத் தீட்டிக்கொள்வான். மடித்ததைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, பாப்பாக்கு மாத்திரை குடுக்கலன்னா அதுவும் என்ன மாதிரி ஆயிடுமாம்மானு கேட்டான். இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கிண்டல் பண்ணினால்கூடச் சேர்ந்து சிரிப்பானே, புரியாமல்தான் சிரிக்கிறான், அந்த மட்டும் நிம்மதி என்று இருந்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது, நந்தினி. என்ன மாதிரி என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டான். உள்ளே போய்த் தன் மாத்திரை பாட்டிலை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்து, இத அக்காவுக்கு அனுப்பிடுப்பானு சொன்னான். அப்பா, அவங்ககிட்ட நெறைய இருக்குடா, உன்னுத நீ வெச்சிக்கனு சொன்னார். வளவன் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இருந்தும் ஏம்பா குடுக்க மாட்டேன்றாங்கனு கேட்டான்.

அப்பா எழுந்து ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். ஊரையே கேலி பண்ணுகிற நான், அக்காவயே எழுதிக் கேக்கறேண்டானு மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து தினம் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறான், அக்கா என்ன சொல்லுச்சினு கேட்கிறான்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் பொடித்து, கரண்டியில் கொஞ்சம் உன் பாலில் குழைத்துக் கொடு, கொடுத்து அரைமணி கழித்துப் பால் கொடு, சத்துமாவுக் கஞ்சியோடு கலக்காதே, டாக்டர் சொன்ன தேதிக்கு ரத்தம் எடுக்கத் தவறாதே. மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் வணக்கம். அண்ணாமலையார் துணையில் நீ தீர்க்க சுமங்கலியாக, பிள்ளையோடு நூறு வருஷம் நன்றாக இரு. இதற்குப் பதில் எனக்குப் போட வேண்டாம். உன் தம்பி பெயருக்குப் போடு, அவன் கேட்டதற்கு நீயே சொல்லு, நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ச. கஸ்தூரி