போன வருடத்துப் படகுக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்

அனுப்புநர்:
கிறேஸ் பஸ்ரியாம்பிள்ளை,
நெறியாளர், கடலோர வாத்தியக் குழு,
இறங்குதுறை வீதி, ஊர்காவற்றுறை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பண்பாட்டலுவல்கள் பிரிவு,
யாழ்ப்பாணம்.

பொருள்: எமது ஒத்திகை மண்டபம் பூட்டப்பட்டமையும், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கடிதம் கோரப்பட்டமையும் தொடர்பானது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினொரு வருடமாகப் பதினேழு பேர் கொண்ட வாத்தியக் குழுவொன்றை நடத்தி வருகிறேன். வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், மாதா கோயில் ட்றம்பெற் எல்லாம் சேர்ந்து வாசிக்கும் குழு. கையில் சிறு கோலுடன் முன்னே நின்று, யார் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று காட்டுவது என் வேலை. எண்மர் ஊர்காவற்றுறை, அறுவர் அனலைதீவு, மூவர் எழுவைதீவு. தீவார் ஒன்பது பேரும் ஞாயிறு காலைப் படகில் வந்து மதியப் படகில் திரும்புவார்கள். இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலந்தான் ஒத்திகை. இறங்குதுறைக்குப் பக்கத்திலுள்ள பொது மண்டபத்தை விட்டால் அதற்கு வேறு இடமில்லை. அந்த மண்டபம் இப்போது பூட்டிக் கிடக்கிறது.

2. 16.08.2025 அன்று அதே மண்டபத்தில் தீவகக் கலைவிழாக் குழுவினர் விழா எடுத்தார்கள். அழைப்பிதழில் பிற்பகல் 2 மணி என்றிருந்தது. பிரதம விருந்தினர் 4.10க்கு வந்தார். பிறகு விளக்கேற்றல், வரவேற்புரை, பதினொரு பொன்னாடை. வேறு வேலையில்லாததால் எண்ணினேன். தீவுகளுக்கான கடைசிப் படகு 5.30க்கு என்பது அந்த மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்.

3. ஐந்து மணிக்கு விழாச் செயலாளர் திரு. ஜெகதீஸ் மேடைக்குப் பின்னால் வந்தார். வாத்தியங்களுக்கு மைக் பூட்ட நேரமில்லை, போன வருடம் விழாத் தெரிவுக்கென்று உங்கள் குழு கொடுத்த ஒலிப்பதிவைப் பென் டிரைவில் போடப்போகிறோம், நீங்கள் மேடையில் இருந்து வாசிப்பதுபோல் கையை அசைத்தால் போதும் என்றார். ஏலாது என்றேன். அப்படியானால் அடுத்த வருடம் உங்கள் பெயர் இராது என்றார். நான்கு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்மதித்தேன். இந்த மனுவில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பிழை இதுதான்.

4. அந்த ஒலிப்பதிவு போன வருடம் அதே மண்டபத்தில் யன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யப்பட்டது. நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது துறையில் நின்ற படகு புறப்படுமுன் இரண்டு தரம் ஊதியது, அதுவும் பதிவாகியிருந்தது. எல்லோரும் மறந்துபோனோம். விழாவன்று நான்காவது நிமிடத்தில் அந்த ஊதல் பெரிய ஸ்பீக்கரில் வந்தது. ஐயோ, கடைசிப் படகு போகுது என்று சனம் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஓடியது. அனலைதீவு நிருஜா வயலினோடு ஓடினாள். எழுவைதீவு டெனிஸ்ரன் ட்றம்பெற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். மேடையில் ஒன்பது கதிரை வெறுமை. சங்கீதம் மட்டும் ஒரு சுரமும் குறையாமல் நடந்துகொண்டிருந்தது. பிரதம விருந்தினர் கதிரைகளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

5. நான் கோலைக் கீழே வைத்து மைக்கை எடுத்து, "ஓடாதேங்கோ! அது போன வருசத்துப் படகு! பாட்டும் போன வருசத்ததுதான்!" என்று சொன்னேன். சனம் சிரித்த சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. உடனே மைக்கையும் ஒலிப்பதிவையும் நிறுத்தினார்கள். துறைக்கு ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். மைக் இல்லாமலே வாசித்தோம், உண்மையான படகு ஊதும் வரைக்கும், ஆறு நிமிடம். பிரதம விருந்தினர் எழும்பி நின்று கேட்டார். அவமதிக்கப்பட்டவர் அப்படி நின்று கேட்பாரா என்பதைத் தாங்களே யோசிக்கவும்.

6. ஆனால் விழாக் குழுவின் 22.08.2025 திகதியிட்ட கடிதத்தில், விருந்தினரை அவமதித்தேன் என்றும், அந்த ஊதலை நானே திட்டமிட்டுச் சேர்த்தேன் என்றும், எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை மண்டபம் இல்லை என்றும் கூறப்பட்டுள்ளது. ஐயா, படகுக்குக் கட்டளையிடும் அதிகாரம் எனக்கிருந்தால் அதை ஆறரைக்குப் புறப்படச் செய்திருப்பேனே!

7. அன்று மேடையில் நான்கு பேர், கலை அழிகிறது, சனம் வருவதில்லை என்று கவலைப்பட்டார்கள். சனம் ஒன்றரை மணியிலிருந்து அங்கேதான் குந்தியிருந்தது. பிந்தி வந்தவர்கள்தான் அந்தப் பேச்சைப் பேசினார்கள். கலியாண வீடுகளுக்கு இப்போது ஒருவரும் ஒரு பாட்டுப் பெட்டியும் போதும். எங்களைக் கூப்பிடுபவர்கள், காசில்லை, அனுபவத்துக்காக வாருங்கள் என்கிறார்கள். அதற்கெல்லாம் நான் அழுபவள் அல்ல. உயிரோடு இருப்பவர்களை வாசிப்பதுபோல் நடி என்று சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாசிப்பவன் பிழை விடுவான். டெனிஸ்ரன் மேல் சுரத்துக்குப் போகும்போது இன்றைக்கும் நான் கோலை ஒரு கணம் பிந்தித்தான் இறக்குவேன். அவர் அதைப் பிடிப்பாரா என்று பார்க்கத்தான் சனம் வருகிறது.

8. நான்கு ஞாயிறு போய்விட்டது. துறைக் கொட்டகையில் ஒத்திகை பார்த்தோம். காற்று சுரத்தாள்களைக் கடலுக்குள் கொண்டுபோனது. உப்புக்காற்றில் வயலின் தந்தி சுருதியில் நிற்கவில்லை. அனலைதீவில் இருவர் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. இன்னும் நான்கு ஞாயிறு இப்படிப் போனால் குழு இராது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பயமாக இருக்கிறது.

9. ஆகவே, ஞாயிறு காலை 9 மணி முதல் மதியம் வரை மண்டபத்தைத் திறந்துவிடவும், மேற்படி கடிதத்தை மீளப்பெறச் செய்யவும், அரச செலவில் நடக்கும் மேடைகளில் ஒலிப்பதிவுக்குக் கையசைக்கும்படி எவரையும் கேட்கக்கூடாது என்று எழுத்தில் அறிவிக்கவும் வேண்டுகிறேன். மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். மூன்றரை மணித்தியாலம் காத்திருந்து பென் டிரைவைக் கேட்ட சனத்திடம் அன்று மாலையே துறையில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வேறு எவருக்கும் நான் கடனில்லை.

10. எதிர்வரும் 28ஆம் திகதி ஞாயிறு காலை 10 மணிக்கு வாசிக்கவுள்ளோம். திறந்திருந்தால் மண்டபத்தில், பூட்டியிருந்தால் அதன் வாசலில். தாங்கள் அவசியம் வரவேண்டும். முன்வரிசையில் ஒரு கதிரை இருக்கும், பொன்னாடை இராது. பத்துக்குத் தொடங்கிவிடுவோம். அன்று படகு ஊதினால் தாங்கள் தாராளமாக நம்பலாம்.

மன்னிப்புக் கேட்காத, ஆயினும் மரியாதை குறையாத,

(ஒப்பம்) கிறேஸ் பஸ்ரியாம்பிள்ளை

இடம்: ஊர்காவற்றுறை
திகதி: 18.09.2025