மலைப்பாதையில் மூச்சு வாங்கிய டர்போ

ஜூன் 11, 2025

மங்காவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில்! தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெங்களூரிலிருந்து மகள் ஷில்பா அம்மாவுக்கென்று அனுப்பியிருக்கும் காரைப் பார்த்தால்தான் எரிச்சல். மூன்றே சிலிண்டர். ஆயிரம் சிசிகூட முழுசாக இல்லை. முப்பத்தோரு வருஷம் ஃபேக்டரியில் லேத் ஓட்டியவன் நான், இதை இன்ஜின் என்று சொல்ல வாய் வரவில்லை.

"டர்போ இருக்குப்பா, பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும்" என்கிறாள் போனில். பார்ப்போம்.

ஜூன் 14

இழுக்கிறது.

மங்கா ஓட்ட, எங்கள் கோரமண்டல் பகுதியிலிருந்து பங்காருபேட்டை வரை போய் வந்தோம். மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி பாய்கிறது. மெக்கானிக் ஏனோக்கிடம் கேட்டேன். "வெளிய போற பொகையில ஒரு சின்ன காத்தாடி சுத்துதுண்ணா. அது இந்தப் பக்கம் இன்னொரு காத்தாடிய சுத்தி, காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. காத்து ஜாஸ்தின்னா பெட்ரோலும் ஜாஸ்தி எரியும், பவரும் ஜாஸ்தி."

வீணாகப் போகிற புகையிடமே வேலை வாங்குகிறார்கள்! ஒத்துக்கொள்கிறேன். மங்காவிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 22

காற்று ஆரம்பித்துவிட்டது. மூடின தங்கச் சுரங்கத்திலிருந்து கொட்டின சயனைடு மேட்டு மண் மாவாகப் பறந்து வந்து சோற்றில் நறநறக்கிறது. இந்த ஊரில் தண்ணீர்த் தொட்டி, டிவி, தையல் மெஷின் எல்லாவற்றையும் மூடித்தானே வைக்கிறோம்? காருக்கு மட்டும் முன் பம்பரின் அடியில் பெரிய ஓட்டை. உள்ளே வலை வலையாக ஒரு அலுமினியப் பெட்டி. அதில் மண் ஏறினால் என்ன ஆவது? பரணிலிருந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி, உள்பக்கமாக இறுக்கிக் கட்டிவிட்டேன். வெளியே தெரியவே தெரியாது. சுத்தமான வேலை.

மங்காவிடம் சொல்லவில்லை. "வேற வேலையே இல்லியா உங்களுக்கு" என்பாள்.

ஜூன் 29, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

குடியாத்தம் போய் மங்காவின் தங்கை சகுந்தலாவையும் அவள் புருஷன் கங்காதரனையும் கூட்டி வந்தோம். போகும்போது இறக்கம், ஒன்றும் தெரியவில்லை. வரும்போது பேரணாம்பட்டு மலைப்பாதை. நாலு பேர், ஒரு மூட்டை அரிசி. மூன்றாவது வளைவிலேயே வண்டிக்கு மூச்சு வாங்கியது. மங்கா மிதிக்கிறாள், மிதிக்கிறாள் — ஏறவே இல்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் மேல் ஹாரன். நான் கத்திவிட்டேன். "கியர் போடத் தெரியலன்னா இன்னாத்துக்கு ஸ்டியரிங்க புடிக்கிற? எறங்கு!"

இறங்கினாள். நான் ஓட்டினேன். எனக்கும் இழுக்கவில்லை. "நீ உருட்டின உருட்டுல சூடாயிடுச்சு" என்று அந்தப் பழியையும் அவள் தலையிலேயே போட்டேன். கங்காதரன் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன்டா சிரித்தேன்?

ஜூன் 30

கார் சாவி சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அவள்தான் வைத்திருக்கிறாள்.

ஜூலை 4

மங்கா மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போய் வந்தாள். "கார்ல போயிருக்கலாமே" என்றேன். "தெரியாதவங்க எதுக்குங்க அதத் தொடணும்?" கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

ஜூலை 7

இழுக்காத வண்டியை ஏனோக் கடைக்குக் கொண்டு போனேன். பம்பரைக் கழற்றினான். கழற்றியவன் அப்படியே நின்றான்.

"அண்ணா, உள்ள நீங்க சிரிச்சிகினு கீறீங்க."

என் பணி நிறைவு விழா பேனர். வெட்டும்போது எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. மாலையும் கழுத்துமாக நான், மீசை முழுக்க மண்.

"அமுக்கின காத்து சூடாயிடும்ணா. சூடானா விரியும். சுரங்கத்துல எறங்குற ஷாஃப்ட்டு கேஜ்ல அவனவன் முழங்கைய விரிச்சிகினு நின்னா எத்தினி பேரு ஏற முடியும்? அந்த மாதிரி. இந்தப் பொட்டிதான் இன்டர்கூலர். எதிர்க்காத்துல அத ஆற வைக்கும். ஆறினா அடங்கி, நெறைய உள்ள போவும். நீங்க அதோட மூக்கப் பொத்திட்டீங்க. காத்து சூடாவே வந்தா, இன்ஜின் கெடக்கூடாதுன்னு வண்டியே பவரக் கொறைச்சிக்கும்."

"மண்ணு?"

"இன்ஜினுக்குப் போற காத்துக்குத் தனியா ஃபில்டர் கீது."

"அப்போ கியர்...?"

"அண்ணி மேல தப்பே இல்லண்ணா."

பேனரைக் கேட்டேன். தரவில்லை. "அண்ணிகிட்ட நீங்க சொல்றீங்களா, இவரு சொல்லட்டுமா?" என்று பேனரைத் தூக்கிக் காட்டினான்.

ஜூலை 8

சொல்லவில்லை. தலைவலி.

ஜூலை 9

வாயெடுத்தேன். மிக்ஸி போட்டுவிட்டாள். அவ்வளவு நேரம் என்னத்தைத்தான் அரைத்தாளோ.

ஜூலை 12

தனியாக எடுத்துப் பார்த்தேன். பழையபடி பாய்கிறது. "வண்டி சரியாயிடுச்சு, வா ஒரு ரவுண்டு" என்றேன். "எப்படி சரியாச்சு?" "ஏனோக் ஏதோ பண்ணான்."

பொய். லேத்தில் ஒரு பீஸ் கெட்டால்கூட நான்தான் கெடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன்தானே நான்? பெண்டாட்டியிடம் மட்டும் ஏன் நாக்கு எழ மாட்டேன் என்கிறது? அவள் இனிமேல் ஓட்டவே மாட்டாளோ? பயமாக இருக்கிறது.

ஜூலை 14

சொல்லிவிட்டேன். பேனர், மண், மூக்கு, எல்லாம்.

முழுக்கக் கேட்டாள். "அப்போ அன்னிக்கி மலையில தப்பு யாருது?"

"என்னுது."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? அவங்க எதிர்லதான எறங்க சொன்னீங்க?"

சகுந்தலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். கங்காதரனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். டர்போவிலிருந்து ஆரம்பித்தேன். "வெறும் காத்து எப்படிண்ணா சூடாவும்?" என்று அந்த மனுஷன் மூன்று தடவை கேட்டார், வேண்டுமென்றே. சைக்கிளுக்குப் பம்பு அடித்தால் அடியில் சுடுமே, அது மாதிரி என்றேன். கடைசியில் சகுந்தலா, "அதெல்லாம் இருக்கட்டும் மாமா, அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். என்னவிட நல்லாவே."

மங்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி ஓடினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்! பத்து கிலோ இறங்கின மாதிரி இருந்தது எனக்கு.

சாவியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று மாரிகுப்பம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். விடிந்ததும் மங்கா சாமி படத்துக்குக் கீழே இருந்த சாவியை எடுத்துக்கொண்டு குடியாத்தம் கிளம்பிவிட்டாள், தனியாக. சகுந்தலா, கங்காதரன், அவர்கள் மகள், மருமகன் என்று வரும்போது கார் நிறைந்துவிடும், எனக்கு இடமில்லையாம்.

பத்தரைக்குப் போன். "மலை ஏறிட்டோம். வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன்."

"எந்த கியர்ல ஏறின?" கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அத நான் பாத்துக்கறேன். கூழுக்கு வெங்காயம் உரிச்சி வச்சீங்களா?"

"இல்ல."

"இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"டைரி எழுதறேன்."

"மூடி வச்சிட்டு உரிங்க. அஞ்சு பேரு வர்றோம்."

இரண்டு கிலோ இருக்கிறது. உரிக்கப் போகிறேன்.