ஒப்பாரியில் வந்தவள்

அம்மாவுக்குப் பொன்னி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மேகலா படித்துக் காட்டுவாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்த சாந்தகுமாரி டீச்சர் செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். பயப்படாதே, தூக்கத்திலேயே போனார். டெல்லியில் பனிமூட்டத்தால் விமானம் இல்லை. மகன் பெங்களூரிலேயே மாட்டிக்கொண்டார். "பொன்னி, நீங்களே எல்லாம் பண்ணிடுங்க" என்று போனில் அழுதார். குளிப்பாட்டிப் புடவை கட்டினேன். வாய்க்கரிசியும் நான்தான் போட்டேன்.

பிறகு நம் ஊர் வழக்கப்படி வாய்விட்டு ஒப்பாரி வைத்துவிட்டேன். இந்த மயூர் விஹார் அடுக்குமாடியில் யாரும் அப்படி அழுவதில்லை. எதிர்வீட்டு ஜோதிலிங்கம் சார் ஓடிவந்து, "மெதுவாம்மா, எல்லாரும் கதவத் தொறந்து பாக்குறாங்க" என்றார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

திங்கட்கிழமை முதல் வேறு வீடு. பக்கவாதம் வந்த பெரியவர், தூக்கி உட்கார வைக்க வேண்டும். பொங்கலுக்கு வர முடியாது. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. குளிருக்குப் போர்த்திக்கொள்வேன்.

மேகலா, இதற்கு மேல் அம்மாவுக்குப் படிக்காதே. அந்த ஒப்பாரியில் டீச்சர் வரவே இல்லை. அம்மா களை வெட்டி என்னை வளர்த்ததையும், ரயிலேற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்ததையும்தான் பாடினேன். உயிரோடு இருப்பவளைப் பாடிவிட்டேன். அம்மாவை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் அவள் பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிடு. எதற்கென்று கேட்டால், எனக்காக என்று சொல்.