கேமரா திறந்திருந்த நேரம்

மார்ச் 4

அருமை மகளுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. இன்று எனக்கு முறையெல்லாம் மறந்துபோச்சு. டேப்லெட்டிலேயே தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதில் நான் எதைத் தொட்டாலும் உனக்குத் தகவல் வந்துவிடுகிறது என்று நேற்றுதான் தெரிந்தது. தாள் யாரிடமும் போய்ப் போட்டுக்கொடுக்காது. அதனால்தான் தபால்.

நடந்ததைக் கேள். ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் தண்ணீர் ஏறவில்லை என்று எங்கள் பம்பு ரிப்பேர் கடைக்கு ஆள் வந்தது. முதலாளி வழக்கம்போல என்னை அனுப்பினார். அடித்தளத்தில் பம்பைக் கழற்றி, பதினேழு பாகங்களையும் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பிவிட்டேன். பக்கத்தில் நீ வாங்கிக்கொடுத்த டேப். அதில் பார்த்துப் பார்த்துத்தான் திரும்ப மாட்டவேண்டும். பத்தாவது பாகத்துக்குக் கை நீட்டும்போது திரை மாறிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றிருந்த குடியிருப்புச் செயலாளர் குனிந்து உரக்கப் படித்தார்: "இன்றைய நேரம் முடிந்தது. கூடுதல் நேரத்துக்குப் பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்." கீழே 'பெற்றோர்' என்று போட்டு உன் படம். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய்.

"சார், உங்க வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா கூப்பிடுங்களேன். மேல ஒருத்தர் சோப்போட நிக்கிறாரு" என்றார் அவர். வாட்ச்மேன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மீதியை ஞாபகத்தில் மாட்டினேன். தண்ணீர் ஏறியது. இரண்டு திருகு மிச்சம். அவை எங்கே போகவேண்டியவை என்பது அந்தப் பம்புக்கே வெளிச்சம்.

திரும்பும் வழியில் மொபைல் கடையில் காட்டினேன். "அண்ணே, இது குழந்தைங்க கணக்கு. உங்களுக்கு ஒன்பது வயசுன்னு போட்டிருக்காங்க. தினம் ரெண்டு மணி நேரம்தான். என்னென்ன பார்த்தீங்கன்னு வாராவாரம் உங்க பொண்ணுக்கு ரிப்போர்ட் போகும்" என்றார். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதியவன் நான். இப்போது மூன்றாம் வகுப்புக்கு இறக்கிவிட்டாய்.

பூட்டை எடு. அதுவரை போனில் என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன்.

அப்பா (வயது அறுபத்தொன்று)


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு தடவை கூப்பிட்டேன். சொன்னபடியே எடுக்கவில்லை. சரி, நானும் தாளுக்கு வருகிறேன்.

பூட்டியது நான்தான். பரிசு விழுந்திருக்கிறது என்று எவனோ அனுப்பியதைத் தொட்டுவிட்டு, டேப் முழுக்க விளம்பரமாக ஓடுகிறது என்று என்னை லீவு போட்டு வரவைத்தீர்களே, மறந்துவிட்டதா? சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கேரம் ஆடுகிறீர்கள். அம்மா ஏதாவது கேட்டால் "ரெட் காயினைப் போட்டுட்டு வரேன்" என்கிறீர்களாம். ஒன்பது வயது என்று போட்டால்தான் அது பூட்டவே விடுகிறது. உங்களைக் கேவலப்படுத்த இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். ரிப்போர்ட்டில் கேரம் அரை மணி, கதைப் புத்தகம் முக்கால் மணி என்று வருகிறது. அது போகட்டும். பூட்டுவதற்கு முன்னால் கேமரா தினமும் மூன்று மணி நேரம் திறந்திருந்திருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு போட்டோகூட இல்லை. வீடியோவும் இல்லை. யாருக்கு என்ன காட்டுகிறீர்கள் அப்பா? அம்மாவிடம் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்ட கேள்வியை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. டேபை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போய் நிற்கிறீர்களாமே!

பதில் வரும்வரை பூட்டு இருக்கும். இன்றிலிருந்து கேமராவையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். இதற்கும் கத்துவீர்கள் என்று தெரியும். கடிதத்திலேயே கத்துகிறீர்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி! கோபம் வந்தால் எழுத்துகூட இவ்வளவு பெரிதாகிவிடுமா?

உங்கள் மகள்


மார்ச் 17

மகளே,

எழுத்து பெரிதாக இருப்பது கோபத்தால் இல்லை. சின்னதாக எழுதினால் எனக்கே தெரிவதில்லை.

போதுமா? ரிப்போர்ட்டில் இது வந்ததா?

ஒரு வருஷமாகவே இப்படித்தான். திருகின் தலையில் உள்ள பள்ளம் தெரியாது. வயரின் நிறம் மங்கல். மோட்டார் தகட்டில் பொறித்த எண்ணெல்லாம் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. நீ டேபைக் கொடுத்த மறுவாரம், தற்செயலாகக் கேமராவைத் திறந்து ஒரு திருகின் மேல் பிடித்து, விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். திருகு தேங்காய் அளவுக்கு வந்து நின்றது. அன்றைக்கு வேலை செய்த அடித்தளத்தில் நான் தனியாக உட்கார்ந்து சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அதுதான் என் கண். மூன்று மணி நேரமும் நான் பார்த்தது திருகும் வயரும் மோட்டார் தகடும். பாத்ரூம் பக்கம் போய்ப் பார்த்தது மாத்திரை அட்டையில் இருக்கிற எழுத்தை. இந்த மூஞ்சியைப் போய் எவள் மூன்று மணி நேரம் பார்ப்பாள்? உன் அம்மாவே முப்பத்தைந்து வருஷத்தில் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மறுநாளே ஓடி வந்து, "இனிமே வேலைக்குப் போகக்கூடாது" என்பாய். எனக்குப் பம்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதையும் பிடுங்கிக்கொண்டால் இந்த வீட்டில் நான் எதற்கு?

நீ கேமராவை நிறுத்திய மறுநாள் ஒரு விடுதிக்குப் போனேன். மோட்டார் இழுக்கும் மின்சாரம் அளவு மீறினால் தானாக நிறுத்த ஒரு ரிலே உண்டு. அதன் டயலில் எண்கள் கடுகு மாதிரி இருக்கும். டேபைப் பிடித்தேன், கறுப்பு. கையால் தடவி, ஒன்பதில் வைக்கவேண்டியதைப் பதின்மூன்றில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் பம்பில் குப்பை அடைத்தது, ரிலே நிறுத்தவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது.

முதலாளி எல்லார் முன்னாலும், "அண்ணே, உங்களுக்குக் கவனம் போயிடுச்சு. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார். இருபத்திரண்டு வருஷம் அவரிடம் ஒரு மோட்டார் எரிந்ததில்லை என் கையால். நான் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எத்தனை நிமிடம் என்று உனக்குத் தெரிந்தது. எத்தனை போட்டோ என்று எண்ணத் தெரிந்தது. "எதுக்குப்பா கேமரா?" என்று நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை, இல்லையா? அம்மாவிடம் போய்ச் சொல்ல மட்டும் வந்தது.

அப்பா


மார்ச் 20

அப்பா,

பூட்டு, ரிப்போர்ட், கேமராவுக்குப் போட்ட தடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். உங்கள் வயதையும் சரியாகப் போட்டுவிட்டேன்.

நான் கேட்டிருக்கவேண்டும். நீங்களும் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வருஷம், அப்பா! அந்தக் கண்ணோடு ரோடு தாண்டியிருக்கிறீர்கள். கரண்டில் கை வைத்திருக்கிறீர்கள். எனக்கும் கோபம்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டேன். உங்கள் முதலாளியிடமும் நானே பேசுகிறேன். அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 27

மகளுக்கு,

மறுபடியும் என்னைக் கேட்காமல் நேரம் வாங்கினாய். அதை ரத்து செய்துவிட்டேன். அதற்கு முந்தின நாளே உன் அம்மாவோடு நானாகப் போனேன். வரிசையில் என் இலக்கம் அறுபத்திரண்டு. பொழுதுபோகக் கேரம் ஆடினேன், எழுதிவிடுகிறேன், இனி உனக்குத் தகவல் வராதே.

வலது கண்ணில் புரை. அறுத்துவிட்டால் தெளிவாகிவிடுமாம். இடது கண்ணில் அழுத்தம். அதில் போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். உன் கோபத்தில் அந்தப் பங்கு நியாயம். அதற்கு மேல் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் அம்மா, "கண்ணு தெரியாத மனுஷனைப் போய் சந்தேகப்பட்டேனே, யாரைப் பார்த்தாலும் உங்களுக்கு மங்கலாத்தானே தெரிஞ்சிருக்கும்" என்றாள். அதற்கப்புறம் அழுதாள்.

முதலாளியிடம் நீ பேசவேண்டாம். நான் பேசிவிட்டேன். கவனம் போகவில்லை, கண்தான் போச்சு என்று சொன்னேன். "இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்று கத்தினார். கத்திவிட்டு, ஆபரேஷன் முடிந்ததும் வந்து பார்க்கச் சொன்னார். எடுத்துக்கொள்வாரா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமை வராதே. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. இப்போது வந்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன், நீ அழுவாய், அதைப் பார்த்து என் கோபம் பாதியிலேயே நின்றுபோகும். அது முழுசாகத் தீரட்டும். ஆபரேஷன் ஏப்ரல் பதினாறாம் தேதி. அன்றைக்கு வா.

வந்ததும் என் இடது பக்கமாக வந்து உட்காராதே. அந்தப் பக்கம் யார் வந்தாலும் எனக்குத் தெரியாது. நேர் எதிரே வந்து நில்.

அப்பா