வீரம்மா திருத்திய வீச்சு

12-2-1977, சனி
இன்றும் பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள்ளேயே போனது. பதினெட்டுத் தடவை. எண்ணினேன்.

என் கணவர் தியாகராஜா காலமாகி ஏழு மாதம். அவருடைய கோல்ஃப் கிளப் உறுப்புரிமையை என் பெயருக்கு மாற்றித் தந்தார்கள். மரியாதைக்குச் செய்தது. நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பேன் என்று ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். தம்பி பூபாலசிங்கம் போனில், "சனம் என்ன கதைக்கும், அக்கா?" என்றான். கதைக்கட்டும். பள்ளிக்கூடம் இல்லாத பின்னேரங்களில் அந்த வீட்டுக்குள் இருக்க என்னால் முடியவில்லை.

19-2-1977, சனி
இன்று என் மட்டைப் பையைச் சுமந்து வந்தவள் வீரம்மா. ஐம்பது வயதிருக்கும். ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது அங்கிருந்து வந்தவளாம். கிளப் பின்பக்க அறை ஒன்றில் தங்கியிருக்கிறாள்.

ஐந்து பந்து வரை பார்த்தாள். பிறகு, "டீச்சர், அப்பிடி இறுக்கிப் புடிக்காதீங்க லா. மட்ட எங்கயும் ஓடிப் போவாது" என்று சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள்.

செத்தவீட்டுக்குப் பிறகு என் கையை யாரும் பிடித்ததில்லை.

5-3-1977, சனி
"தோளால தள்ளுறீங்க. மொதல்ல இடுப்பு திரும்பட்டும், கை தானா எறங்கும்." தோட்டத்தில் லாலாங் புல் வெட்டிய விதத்தை வெறுங்கையால் வீசிக் காட்டினாள். என்ன அழகான வீச்சு! "நீங்களே ஒரு பந்து அடியுங்கோவன்" என்று மட்டையை நீட்டினேன். பின்னால் நகர்ந்துவிட்டாள்.

26-3-1977
மழை. போகவில்லை. நாள் முடியவே மாட்டேன் என்றது.

9-4-1977, சனி
நேராகப் போனது! நூறு கஜத்துக்கு மேல். "பார்த்தீங்களா!" என்று வீரம்மா என் முதுகில் தட்டினாள். கிளப் பயிற்றுநர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"ஏன்?"

"ஒண்ணுமில்ல லா, டீச்சர்."

நானும் விட்டுவிட்டேன்.

18-6-1977, சனி
கிளப்பில் புதிதாக ஆடவந்த பெண்களுக்கான போட்டியில் முதற்பரிசு. நம்பவே முடியவில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, என் வீச்சைத் திருத்தியது வீரம்மாதான், இந்தப் பரிசு அவளுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கை தட்டினார்கள், கொஞ்சம் தாமதமாக. வெளியே பைகளோடு நின்ற வீரம்மா எட்டிப் பார்த்தாள்.

21-6-1977, செவ்வாய்
கிளப் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். பை சுமப்பவர்கள் ஆட்டம் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று விதியாம். பயிற்றுநர் எழுத்திலேயே முறையிட்டிருக்கிறார். "'சும்மா உபசாரத்துக்குச் சொன்னேன், அவள் ஒன்றும் கற்றுத்தரவில்லை' என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். இதோடு விட்டுவிடலாம்" என்றார்.

நான் மறுத்தேன். எல்லாம் அவள் கற்றுத்தந்ததுதான், உங்கள் விதியைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். நல்ல ஆங்கிலத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து. வரும்போது நெஞ்சு நிறைந்திருந்தது.

25-6-1977, சனி
வீரம்மா இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வேலையோடு அறையும் போயிற்று. கூட வேலை செய்யும் கருப்பம்மாள்தான் சொன்னாள்: "வியாழக்கெழம பொட்டிய தூக்கிக்கிட்டு போயிருச்சு. ஆயர் தாவார்ல தங்கச்சி வீடு இருக்கு."

நேரே செயலாளரிடம் ஓடினேன். அவர் கேட்ட அந்த ஒரு வரியை இப்போது எழுதித் தருகிறேன் என்றேன். "நீங்களேதானே உறுதிப்படுத்தினீர்கள், மேடம்? இனி எழுதிப் பயனில்லை" என்றார்.

ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்? ஒரு வரி. ஒரு பொய். எழுதியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பன்? அவளிட்ட ஒரு சொல்லுக் கேட்டனானா? எனக்கு என்ர உண்மைதான் பெரிசாப் போச்சு.

2-7-1977
போகவில்லை. இனிப் போகமாட்டேன்.

14-8-1977, ஞாயிறு
பள்ளி விடுமுறை. லுமுட் போகும் பஸ்ஸில் ஏறி வழியில் ஆயர் தாவாரில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வீரம்மா குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் முள் குத்திய புண். சற்றுத் தள்ளித் தங்கை செல்லாயி.

"டீச்சர்! இம்புட்டுத் தூரமா?"

மன்னிக்கச் சொன்னேன். அந்த ஒரு வரிக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கையிலிருந்த பழங்களைச் சாக்கில் போட்டாள்.

"அந்த ரூமு நல்ல ரூமு, டீச்சர்" என்றாள். வேறு குறை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கேட்டாள்: "அன்னைக்கு மைக்குல இங்கிலீசுல பேசுனீங்கள்ல? எம் பேரு மட்டும் காதுல வுழுந்திச்சு. மிச்சம் வெளங்கல. என்னா சொன்னீங்க?"

தமிழில் சொன்னேன். "எனக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாது. வீரம்மாதான் என் கையைப் பிடித்துக் கற்றுத்தந்தாள். இந்தப் பரிசு அவளுடையது."

"அத்தன பேரு முன்னாலயுமா?"

"ஓம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரங்களுக்கு அப்பால் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏ செல்லாயி, இங்க வா. டீச்சர் சொல்றத வந்து கேளு."

செல்லாயி சாக்கைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

இரண்டாம் தடவை சொல்ல முடியாமல், வீரம்மாவின் புண்பட்ட விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.